படிக்காமல் விட்ட வரி

எங்கள் மர்பி டவுன் சந்தில் என் வீட்டுக்கு விலாசம் தேவையில்லை. "பேப்பர் படிக்கிறவரு வீடு எது?" என்று கேட்டால் கீரை விற்கிற அம்மாகூடக் கை காட்டுவாள். செய்தித்தாள் படிக்கிறவன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ், ரேஷன் கார்டு மனு, கோர்ட்டிலிருந்து வந்த கடிதம் என்று கன்னடத்தில் எது வந்தாலும் சனங்கள் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். மூன்று தலைமுறையாக இந்த ஊரிலேயே இருந்தும் கன்னடம் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது என்கிறவர்கள் எங்கள் சந்தில் நிறையப் பேர். நான் கன்னடப் பள்ளியில் பத்தாவது முடித்தவன். தமிழ் எழுத்தை அல்சூரில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய்த் தனியாகக் கற்றேன். கண் கன்னடத்தில் ஓடும், வாய் தமிழில் சொல்லும், நடுவில் திக்காது திணறாது. அதில் எனக்கிருந்த திமிர் கொஞ்சநஞ்சமில்லை.

உள்ளதை அப்படியே சொல்லிவிடவும் மாட்டேன். பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை தன் புருஷனின் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொண்டுவந்தாள். புற்று என்று இருந்ததை வயிற்றுப்புண் என்று படித்தேன். டாக்டர் எப்படியும் நாளைக்குச் சொல்லத்தான் போகிறார், இன்னும் ஒரு வேளையாவது அவள் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று தோன்றியது. விஷயம் தெரிந்த பிறகு அக்கா என்னைத் திட்டவில்லை. "ஒனக்கு மனசு கேக்கல, அதான் மாத்திச் சொன்ன. நீ நல்லவன்டா" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்று முதல், மாற்றியும் விட்டும் படிப்பதையும் என் நல்ல குணங்களில் ஒன்றாக நானே சேர்த்துக்கொண்டேன்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் எழுத வந்தது வேறு ஒரு காகிதத்தைப் பற்றி. அதை இரண்டு முறை படித்துக் காட்டினேன், ஒரே ஆளுக்கு, ஒன்பது வருஷ இடைவெளியில்.

அந்த ஆளைத் தம்பி என்றே சொல்கிறேன். அப்படித்தான் கூப்பிட்டேன். ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். பொம்மசந்திராவில் ஒரு தகடு வெட்டுகிற கம்பெனியில் நான் செட்டராக இருந்தேன். மெஷினுக்கு அச்சு மாட்டி, ஓட்டிப் பார்த்து, ஆபரேட்டரிடம் ஒப்படைப்பது செட்டர் வேலை. தம்பியைக் காண்டிராக்டில் சேர்த்துவிட்டதே நான்தான். எங்கள் சந்திலேயே ஒரு ரூம் பார்த்துக் கொடுத்தேன். பெண்டாட்டியையும் நாலு வயசுப் பெண் குழந்தையையும் கூட்டிவந்தான். ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டில்தான் கை நனைப்பான். என் மனைவியை வாய் நிறைய "அண்ணி" என்பான், குழந்தை என்னைப் பெரியப்பா என்னும். எட்டாவது வரை தமிழில் படித்தவன், வாரப் பத்திரிகையை ஒரு எழுத்து விடாமல் படிப்பான். கன்னடம்தான் வராது. "எல்லாம் ஜிலேபி ஜிலேபியா இருக்குண்ணா" என்று சிரிப்பான்.

ஒன்பது வருஷமாக அவனைப் பற்றி நான் ஊரெல்லாம் சொல்லிவந்த கதை இது: வேலை வாங்கிக் கொடுத்தேன். கை அடிபட்டபோது ஆஸ்பத்திரியில் கூடவே கிடந்தேன், பேப்பருக்கெல்லாம் ஓடினேன். தேறி எழுந்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போனான். போன இடத்தில் என்னைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் பேசினான். என் மகள் கல்யாணத்துக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைத்தும் எட்டிப் பார்க்கவில்லை. நன்றி கெட்ட ஜென்மம். இதைச் சொல்லும்போது எனக்குக் கண்ணீர் வந்துவிடும். நடிப்பில்லை, நிஜமாகவே வரும்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வந்து நின்றான். கூடவே அந்தக் குழந்தை, இப்போது எட்டாவது படிக்கிற பெண். என் மனைவிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "அய்யோ, இன்னாப்பா இப்படி எளச்சிட்ட!" என்று காபி போட்டு வைத்துவிட்டு, தெருக்குழாயில் தண்ணீர் வருகிறது என்று குடத்தைத் தூக்கினாள். "நானும் வரேன் பெரியம்மா" என்று அந்தப் பெண்ணும் ஒரு குடத்தோடு போனாள்.

"என்னப்பா, வழி தெரிஞ்சுதா?" என்றேன். குத்தலாகத்தான் கேட்டேன். அவன் சிரித்தான். இடது கையை மடியில் கவிழ்த்து வைத்திருந்தான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லாத கை. வலது கையால் ஒரு பிளாஸ்டிக் கவரைத் திறந்து, மடிப்பு பழுத்துப்போன காகிதம் ஒன்றை எடுத்தான்.

"அண்ணா, இத ஒருவாட்டி படிச்சு சொல்லுங்க."

பார்த்ததும் தெரிந்தது. அடிபட்டபோது அவன் கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தின் நகல்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பிரஸ் மெஷினில் இடமும் வலமுமாக இரண்டு பொத்தான்கள் இருக்கும். இரண்டு கையாலும் இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஆனால் அப்படி ஓட்டினால் வேலை நகராது. அதனால் ஒரு பொத்தானை அமுக்கி, இடுக்கில் அட்டையை மடித்துச் செருகிவிடுவோம். அதன் பிறகு ஒரு கை தகடு போடும், மறு கை பொத்தானைத் தட்டும். எல்லா மெஷினிலும் இது நடந்ததுதான், எல்லோருக்கும் தெரிந்ததுதான். செருகுவது செட்டர். அன்றைக்கு மத்தியானம் லாரி வந்து வாசலில் நிற்க, சரக்கு பாதிகூட முடியவில்லை. தம்பி ஒழுங்காக இரண்டு கையாலும் ஓட்டிக்கொண்டிருந்தான். நான் போய், டீ பாக்கெட் அட்டையைக் கிழித்து, நாலாக மடித்து இடது பொத்தானில் செருகினேன். "வேணாம்ணா, பயமா இருக்கு" என்றான். "அடச்சே, ஆம்பளையாடா நீ" என்றேன். சரியாக இந்த வார்த்தைதான். அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

மூன்றாம் நாள் கம்பெனி ஆபீசர் என்னைக் கூப்பிட்டு, கன்னடத்தில் எழுதிவைத்த வாக்குமூலத்தைக் கொடுத்தார். "நீனே ஓதி ஹேளப்பா, சைன் ஹாகிஸ்கொண்டு பா" என்றார். நீயே படித்துச் சொல்லி, கையெழுத்து வாங்கி வா. அட்டையைச் செருகியது யார் என்று அவர் என்னைக் கேட்கவே இல்லை. காகிதத்தை நீட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அங்கேயே நின்று படித்தேன். தேதி, ஷிப்டு, மெஷின் எண், மருத்துவம். நடுவில் ஒரு வரி: "செட்டருக்குத் தெரியாமல், யாருடைய அனுமதியும் இல்லாமல், நானாகவே இடது பொத்தானில் அட்டையைச் செருகி வைத்திருந்தேன்." அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "ஆயித்து சார்", ஆகட்டும் சார், என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

வார்டில் தம்பி கட்டுப்போட்ட கையை மார்பில் வைத்துக்கொண்டு படுத்திருந்தான். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து படித்தேன். மெஷின் எண் வரை வந்தேன். தண்ணீர் கேட்டு ஒரு வாய் குடித்தேன். அப்புறம் மருத்துவம் பற்றிய வரிக்குப் போனேன். "அவ்ளோதானாண்ணா?" என்றான். "அவ்ளோதான்டா. கையெழுத்துப் போட்டா ஆஸ்பத்திரி வேலையெல்லாம் சுருக்கா முடிஞ்சிரும்" என்றேன். தமிழில் கையெழுத்துப் போட்டான். நல்ல கையெழுத்து அவனுக்கு.

அந்த ஒரு வரியைக் காட்டித்தான் அவனை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். நிரந்தரம் ஆகிறவர்கள் பட்டியலில் அவன் பெயர் இருந்தது, அதையும் அடித்தார்கள். "கையி போனவனுக்கு இனிமே பிரஸ்ல என்ன வேலைண்ணா, அதான் நிறுத்திட்டாங்க போல" என்று அவனே ஒரு காரணம் வைத்துக்கொண்டான். நானும் ஆமாம் என்றேன். அதே வருஷம் எனக்கு சூப்பர்வைசர் பதவி வந்தது. உள்ளே ஒருத்தன் இருந்தால்தானே அவனுக்கு ஏதாவது செய்ய முடியும், இரண்டு பேரும் வெளியே போய் என்ன பிரயோசனம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளேதான் இருந்தேன். ஒன்றும் செய்யவில்லை. அவன் வீட்டைக் காலி பண்ணியபோது சொல்லிக்கொள்ள இரண்டு தடவை வந்தான். இரண்டு தடவையும் நான் குளியலறையில் இருப்பதாக மனைவியைச் சொல்லச் சொன்னேன்.

மறுபடி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். காகிதம் என் கையில் இருக்கிறது. அவன் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறான். நான் ரிட்டையர் ஆகிவிட்டேன். என்னை யாரும் வேலையிலிருந்து தூக்க முடியாது, பதவி பறிபோகாது, போலீஸ் வராது. அந்த வரியைப் படித்தால் எனக்கு ஒரு மயிரும் நஷ்டமில்லை. தேதியைப் படித்தேன், ஷிப்டைப் படித்தேன், மெஷின் எண்ணைப் படித்தேன். காபி டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தேன். "தொழிலாளிக்கு உடனே மருத்துவம் பார்க்கப்பட்டது" என்று தொடர்ந்தேன்.

"அவ்ளோதானாண்ணா?"

"அவ்ளோதான்ப்பா."

காகிதத்தை வாங்கிப் பழைய மடிப்பிலேயே மடித்துக் கவரில் வைத்தான். மகளைக் குழாயடியிலேயே கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லிக் கிளம்பினான். காபியை மிச்சம் வைக்காமல் குடித்திருந்தான்.

தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்த மனைவிக்கு வாயெல்லாம் பல். "அந்தப் பொண்ணு எவ்ளோ ஷார்ப்பா கீது தெரியுமா? செவுத்துல ஒட்டியிருந்த தண்ணி நோட்டீஸ கன்னடத்துல கடகடன்னு படிச்சு, தமிழ்ல சொல்லுது. க்யூல இருந்த அத்தினி பேரும் வாயப் பொளந்துட்டாங்க. ஸ்கூல்ல கன்னடத்துல அதான் ஃபர்ஸ்ட்டாம். அப்பா பேப்பர் எல்லாம் அதான் படிச்சு சொல்லுமாம்."

அந்த நொடியில் எனக்கு வந்தது வெட்கம் என்று எழுத ஆசைதான். வெட்கம் வரவில்லை, வந்தது கோபம். தெரிந்துகொண்டே வந்து என்னைச் சோதித்திருக்கிறான்! என் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டே என்னை வேவு பார்த்திருக்கிறான்! "துரோகிப் பய" என்று கத்தினேன். "கல்யாணத்துக்குப் பத்திரிகை வெச்சும் வராதவன் இவன்! இவனப் போயி உள்ள விட்டோம் பாரு!"

மனைவி குடத்தை இறக்கி வைத்தாள். "ஏன்யா கத்துற? நானே குழாயடில கேட்டேன், ஏன்ப்பா கல்யாணத்துக்கு வரலன்னு. பத்திரிகையே வரல அண்ணின்னான்."

"பொய்! நான் நேர்ல போயி வெச்சேன்!"

அப்படித்தான் எனக்கு ஞாபகம். அவன் குடிபோன சந்தாபுராவில் அவன் வீட்டு வாசல், நான் தட்டில் வைத்து நீட்டியது, அவன் முகம் கொடுக்காமல் வாங்கியது, எல்லாம் ஞாபகம். வாசலில் ஒரு சிவப்பு வாளிகூட ஞாபகம். விட்டேனா பார் என்று பீரோவைத் திறந்து, பத்திரிகை கொடுத்தவர்கள் பெயரை எழுதிவைத்த நோட்டைத் தேடினேன். நோட்டு கிடைக்கவில்லை, பழைய புடவைக்கு அடியில் கவர் ஒன்று கிடைத்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, என் கையெழுத்தில் அவன் பெயர் எழுதிய பத்திரிகை. மஞ்சள் காய்ந்து பழுப்பாகியிருந்தது. சந்தாபுராவுக்கு நான் போனதே இல்லை.

அந்தச் சிவப்பு வாளி எங்கிருந்து வந்தது? யாரிடமோ சொல்லும்போது கதைக்கு ருசியாக இருக்கட்டும் என்று நானே வைத்திருக்க வேண்டும். அவன் என்னைப் பற்றிப் பேசியது? யார் சொல்லிக் கேட்டேன்? யோசித்துப் பார்த்தால் ஒரு ஆள்கூடத் தேறவில்லை. சூப்பர்வைசர் ஆன மறுநாள் கேன்டீனில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். இவன்தான் ஏதோ சொல்லியிருப்பான் என்று முடிவு கட்டினேன். அவ்வளவுதான் ஆதாரம். நான் பண்ணியதை அவன் தலையில் ஏற்றிவைத்து, அவனை நானே துரோகியாக்கி, அதற்காக ஒன்பது வருஷம் மனசார அழுதிருக்கிறேன். ஊரை ஏமாற்றினேன் என்றால்கூட ஒரு சாமர்த்தியம் என்று சொல்லலாம். என்னை நானே ஏமாற்றிக்கொண்டது எவ்வளவு சுலபமாக நடந்திருக்கிறது என்பதுதான் அன்று என்னைக் கலக்கியது.

அடுத்த ஞாயிறு பஸ் பிடித்துப் போனேன். ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே ஒரு அபார்ட்மெண்ட்டில் செக்யூரிட்டியாக இருக்கிறான் என்று மனைவியிடம் சொல்லியிருந்தான். கேட்டில் நீலச் சட்டையோடு நின்றிருந்தான். நல்ல வெயில்.

"சொல்லுங்க சார். எந்த ஃப்ளாட்டு?"

"டேய், நான்டா."

"தெரியுது சார். யாரப் பாக்கணும்?"

"ஒன்னத்தான். அந்தப் பேப்பர்ல ஒரு வரி இருக்குப்பா. நான் அத..."

கையை உயர்த்தி நிறுத்தினான். "வேணாம்ணா." அந்த ஒரு தடவைதான் அண்ணா என்றான். பிறகு கேட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "ஸ்கூல்ல ஏதோ சர்டிபிகேட் கேட்டாங்கன்னு பொட்டிய கெளறுனோம். பாப்பா இத எடுத்துப் படிச்சா. இப்படி ஒரு வரி இருக்கேப்பா, நீயாப்பா அட்டைய வெச்சன்னு கேட்டா. நான் நம்பல. ஒனக்குக் கன்னடம் சரியா தெரியல, பெரியப்பா எழுத்து எழுத்தா படிச்சுச் சொன்னாரு, அப்படி எதுவும் இல்லன்னு அவள அடிக்கப் போயிட்டேன். வா, அவரையே கேட்டுடலாம்னு கூட்டிட்டு வந்தேன். அன்னிக்கு அந்த எடத்துல தண்ணி குடிச்சீங்க. இப்ப காபி. அப்பதான் எனக்குப் புரிஞ்சுது."

ஒன்பது வருஷமும் நம்பியிருக்கிறான். நான் குடித்த அந்த ஒரு வாய்க் காபி வரைக்கும் என்னை நம்பியிருக்கிறான்.

"நான் வந்து பாப்பாகிட்ட சொல்லிடறேன்டா. நான்தான் வெச்சேன்னு சொல்லிடறேன்" என்றேன். என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது.

"அதான் வேணாங்கறேன். வெளிய வந்ததும் கேட்டா, பெரியப்பா அந்த வரியப் படிச்சாராப்பான்னு. படிச்சாரு, நான்தான் அட்டைய வெச்சேன்னு ஒத்துக்கிட்டாரு, என் கையைப் புடிச்சிட்டு அழுதாருன்னு சொல்லிட்டேன். அவளுக்கு ஒங்கமேல ரொம்பப் பிரியமாயிடுச்சு. இப்ப நீங்க வந்து நின்னா நான் பொய் சொன்னது தெரிஞ்சிரும்."

உள்ளேயிருந்து ஒரு கார் ஹாரன் அடித்தது. ஓடிப்போய் கேட்டைத் தள்ளித் திறந்தான். தள்ளும்போது இடது கையின் மணிக்கட்டைத்தான் முட்டுக் கொடுத்தான். கார் போனதும் கேட்டை மூடிவிட்டு, அந்தப் பக்கமே நின்றான்.

"பஸ் அந்த டர்னிங்ல நிக்கும். பாத்துப் போங்க சார்."

இப்போதும் காகிதங்கள் வருகின்றன. படித்துச் சொல்கிறேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படிக்கிறேன், ஆனாலும் நான் எதையும் விடவில்லை என்று நானே உறுதியாகச் சொல்ல மாட்டேன். இதைத் தமிழில் எழுதியதற்குக் காரணம் உண்டு. அவனுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும், யாரும் படித்துச் சொல்ல வேண்டாம். அவன் மகளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, அதனால் அவன் சொன்ன பொய்க்கும் ஆபத்து இல்லை. எழுதியதைக் கவரில் போட்டு, அவன் பெயரையும் விலாசத்தையும் எழுதி ஒட்டியாகிவிட்டது. மழைக்காலம் முழுக்க அது பீரோவில், அந்தக் கல்யாணப் பத்திரிகைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.